முதிரை மரத்துக்கு எந்த விலை உளி வாங்கலாம்? நல்ல கைக்கருவிக்குப் போடும் காசு திரும்பி வருமா?

புதுப்பட்டறை (ஆரையம்பதி)

அனைவருக்கும் வணக்கம். காத்தான்குடியில் ஓர் ஓடாவியாரிடம் 6 வருடங்கள் மரவேலை பழகிய பின்னர், வரும் தை மாதம் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டிலில் கதவு, யன்னல், நிலை செய்யும் சிறு பட்டறை ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க இருக்கிறேன். இதுவரை ஓடாவியாரின் கருவிகளையே பாவித்து வந்ததால், ஒரு சுத்தியலும் ஓர் அளவு நாடாவும் தவிர எனக்கென்று வேறொன்றும் இல்லை. சீட்டெடுத்த காசில் கைக்கருவிகளுக்கென்று 60,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு ஹாட்வெயார் கடையில் உளி, சீவுளி, கைவாள், குறடு, திருப்புளி என்று முப்பதுக்கு மேற்பட்ட சாமான்கள் அடங்கிய பெட்டியொன்றை 18,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். பெயர்பெற்ற கம்பனியின் சீவுளி ஒன்று மட்டுமே அதே கடையில் 22,000 ரூபாய். பெட்டியை வாங்கிக்கொண்டு மிச்சக் காசுக்கு மரம் வாங்கிப் போடு என்கிறார் அப்பா. எனக்கு வரப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் முதிரை மரமும் பாலை மரமுமாகவே இருக்கும். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்லடி ஓடாவி

தம்பி, அப்பாவின் கணக்கைப் பிழையென்று சொல்ல மாட்டேன். மரமில்லாமல் பட்டறை ஓடாது. ஆனால் முதிரை என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே பதிலில் பாதி வந்துவிட்டது. வேப்பமரத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு அந்தப் பெட்டி இரண்டு வருடங்கள் ஓடக்கூடும். முதிரை வேறு சாதி. அதன் இழை ஒருபக்கம் ஓடி மறுபக்கம் திரும்பிப் பின்னிக் கிடப்பதால் கருவியின் முனையைத் தின்றுவிடும். காய்ந்த பாலையைத் தண்ணீரில் போட்டால் தாழ்ந்துபோகும். அந்த அடர்த்தியில் உளி இறக்க வேண்டும்.

நான் எனக்காகப் போட்ட கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். முதிரைக் கதவுநிலையில் கழுந்து (மற்ற மரத்தின் முனை நாக்கு) இறங்கும் துளையை 700 ரூபாய் உளியால் வெட்டியபோது, கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழும்பிக் கல்லில் தீட்ட வேண்டியிருந்தது. ஒருதரம் தீட்ட 4 நிமிடங்கள் போகும். 8 மணித்தியால வேலையில் அது ஏறக்குறைய 100 நிமிடங்கள். 4,500 ரூபாய் கொடுத்து வாங்கிய உளியை மணித்தியாலத்துக்கு ஒருதரம் தீட்டினால் போதுமாயிருந்தது. அது 30 நிமிடங்கள். மிச்சமான 70 நிமிடங்களை 4,000 ரூபாய் நாட்கூலியில் வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 580 ரூபாய் வருகிறது. மாதத்தில் 6 நாட்கள் மட்டுமே துளை வெட்டினாலும், இரண்டு உளிகளுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் ஐந்தாறு கிழமையில் கைக்கு வந்துவிடுகிறது. மழுங்கிய உளியை ஓங்கி அடித்துத் துளையின் ஓரம் சிதறி, நிலைமரம் ஒன்றே வீணாய்ப்போன நாட்களை இதில் நான் சேர்க்கவில்லை.

வித்தியாசம் இரும்பில் இருக்கிறது. அதைவிடக் கூடுதலாக அந்த இரும்புக்குப் பதம் வைத்த கையில் இருக்கிறது. உருக்கைச் செந்தணலாகக் காய்ச்சித் தோய்த்தால் அது கண்ணாடிபோலக் கடினமாகும், ஆனால் நொறுங்கும். அதனால் மறுபடி 220 அல்லது 230 பாகைச் செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கி, மேற்பரப்பில் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துவார்கள். நல்ல உளியில் கடினம் ரொக்வெல் அளவில் 58க்கும் 62க்கும் இடையில் நிற்கும். மலிவான உளியில் இந்த இரண்டாவது சூட்டை யாரும் கவனிப்பதில்லை. ஒன்றின் முனை மடங்கும், அதே பெட்டியில் பக்கத்திலிருந்த மற்றதின் முனை உதிரும். எது எப்படி என்று வாங்கும்போது உங்களுக்குத் தெரியாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது எங்கள் பட்டறையும் அதோடு போய்விட்டது. அடுத்த வருடம் நிவாரணமாக ஒரு நிறுவனம் எனக்குப் பளபளக்கும் கருவிப் பெட்டி ஒன்றைத் தந்தது. கொடுத்த மனதை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் முதற்கிழமையிலேயே கைவாளின் பல் பாலையில் மடங்கியது. சுத்தியலின் தலை பிடியை விட்டுப் பறந்து பக்கத்து வேலியில் விழுந்தது. இடிந்த சுவருக்கடியில் மணலுக்குள்ளிருந்து கிண்டி எடுத்த அப்பாவின் இங்கிலாந்து ஷெஃபீல்ட் சீவுளியைத்தான் இன்றும் பாவிக்கிறேன்.

கொந்தராத்துக்காரன் (சாய்ந்தமருது)

ஓடாவி அண்ணன் சொல்வது தன் கருவியைத் தானே பாவிக்கிற மனிதருக்குப் பொருந்தும். எனது வேலைத்தலங்களில் ஒரே நேரத்தில் 12 பேர் வேலை செய்கிறார்கள். நல்ல மட்டப்பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதைச் சாந்து கலக்கும் கோலாகக் கண்டேன். போன வருடம் மட்டும் 4 சாந்துக் கரண்டிகளும் 2 குறடுகளும் காணாமற்போயின. தொலைகிற சாமானுக்கு ஏன் பெரிய விலை கொடுக்க வேண்டும்? அதோடு, இப்போது துளை போடவும் இழைக்கவும் மெஷின் இருக்கும்போது கை உளிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்பதும் எனது கேள்வி.

கல்லடி ஓடாவி

காக்கா, தொலைகிற இடத்துக்கு மலிவானதை வாங்குங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கருவியை மேசன் கையிலேயே ஒப்படைத்து, அதற்கொரு சிறு படியையும் கூலியோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். தன்னுடைய மட்டப்பலகையால் யாரும் சாந்து கலக்க மாட்டார்.

மெஷின் விடயத்துக்கு ஒரே ஒரு பதில்: 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் எனக்கு அடுத்த பட்டறையில் மெஷின்கள் துணிபோர்த்திக் கிடந்தன. நான் கைச்சீவுளியால் இரண்டு கதவுகளை முடித்துக் கொடுத்தேன். மெஷின் இழைத்த பலகையிலும் கடைசிச் சீவல் கையால்தான்.

வட்டைக்காரன் (வெல்லாவெளி)

விலை கூடியது என்றால் வெளிநாட்டுக் கம்பனிப் பெயர் என்றே எல்லோரும் பேசுவதால் படுவான்கரையிலிருந்து ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். என்னிடமிருக்கும் கத்தியும் கோடரியும் எங்கள் ஊர்க் கொல்லர் லொறியின் வில்லுத்தட்டை வெட்டி அடித்துக் கொடுத்தவை. கோடரிக்கு வயது 17. வில்லுத்தட்டு உருக்கு வளைந்து திரும்புவதற்காகவே ஆக்கப்பட்டது. நொறுங்காது, ஓரளவு கூர்மையும் பிடித்து நிற்கும். அடி தாங்க வேண்டிய கருவிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடையில் விற்கும் சாயம் பூசிய கத்தியை விட அவர் கூடுதலாகத்தான் கேட்டார். நான் பேரம் பேசாமல் கொடுத்தேன். மழுங்கினால், பிடி ஆடினால், வாய் உடைந்தால் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கலாம் என்பதற்கும் சேர்த்தே அந்தக் காசு. இன்றைக்கு அவருடைய மகன் கட்டாரில் இருக்கிறார், துருத்தியைப் பிடிக்க ஆளில்லை. அது வேறு கதை.

மண்வெட்டி விடயத்தில் மட்டும் எங்கள் வட்டையில் இன்னும் பழைய முதலை முத்திரைக்கே மதிப்பு. வரம்பு கட்டும் காலத்தில் ஒரு மண்வெட்டி நாள் முழுவதும் மண்ணில் உராய்ந்துகொண்டிருக்கும். மெல்லிய தகட்டில் அடித்த மண்வெட்டி ஒரு பெரும்போகத்துக்குள்ளேயே நாலுவிரல் தேய்ந்துவிடும். அதைவிட மோசமானது அதன் கண். பிடி நுழையும் அந்தத் துவாரம் ஒட்டுவேலையாக இருந்தால், வேர் மாட்டிய இடத்தில் நெம்பும்போது விரிந்துவிடும். கையில் கொப்புளம் வருவது வேலையால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆடுகிற பிடியால் என்பது பிறகுதான் விளங்கியது.

திருகாணி (சம்மாந்துறை)

நான் மோட்டார் சைக்கிளும் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினும் திருத்துகிறவன். தச்சு வேலையில் மலிவான கருவி நேரத்தைத் தின்னும். எங்கள் வேலையில் அது வாடிக்கையாளரின் வண்டியையே தின்னும். வாய் விரியும் ஸ்பனரைப் பூட்டி ஒருதரம் வழுக்கினால் போல்டின் ஆறு மூலைகளும் உருண்டுவிடும். பிறகு அதைத் துளைத்து எடுக்க அரை நாள் போகும். அந்தக் கூலியை யாரிடம் கேட்பது? அதனால் இறுகிய போல்டுக்கு நான் ஆறுமுனை வளைய ஸ்பனரைத்தான் எடுப்பேன். பன்னிருமுனையுள்ளது விரைவாகப் பூட்ட வசதியானது, ஆனால் துருப்பிடித்த தலையில் மூலைகளை மட்டுமே பிடித்து வழுக்குகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் வண்டிகளில் வரும் நட்சத்திரத் திருகாணி வழமையான பிலிப்ஸ் வகை போலத் தோன்றினாலும், அது அந்நாட்டின் ஜிஸ் தரத்தில் வெட்டப்பட்டது. பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டு அழுத்தினால் மேலே ஏறி வந்து தலையை அரைத்துவிடும். திருகாணியின் தலையில் சிறு புள்ளி ஒன்று குத்தியிருந்தால் அது ஜிஸ். நான் பல வருடங்களாக “இந்த வண்டியின் திருகாணி மெழுகு” என்று ஏசிக்கொண்டிருந்தேன். அதற்குரிய திருப்புளி மூன்றை வாங்கிய பின் ஏசுவதற்குக் காரணம் இல்லாமற்போனது.

“குரோம் வனேடியம்” என்று அடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த எழுத்தை அடிக்கக் காசு செலவில்லை.

நூலும் ஊசியும் (களுவாஞ்சிக்குடி)

தையல் கத்தரிக்கோலையும் கைக்கருவி என்று எடுத்துக்கொண்டால் நானும் பேசலாம். 15 வருடங்களுக்கு முன் 10 அங்குலக் கத்தரிக்கோல் ஒன்றை அப்போதைய எனது ஒருமாத வருமானத்தில் காற்பங்கு கொடுத்து வாங்கினேன். வீட்டில் எல்லோரும் ஏசினார்கள். அதற்கு முன் வாங்கிய மலிவானவை எல்லாம் நடுவில் ஆணி அறைந்து இறுக்கியவை. மழுங்கினால் கழற்றித் தீட்ட வழியில்லை, எறிய வேண்டியதுதான். இதில் நடுவில் திருகாணி. கழற்றி, இரண்டு அலகையும் தனித்தனியே சாணை பிடித்து, மறுபடி பூட்டி, நுனிவரை துணி வெட்டுகிறதா என்று பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்யலாம். பட்டுச்சேலை வெட்டும்போது நுனியில் துணி மடங்கினால் அந்த ரவிக்கையின் நட்டம் என் தலையில்தான். பிள்ளைகள் அதைக் கடதாசி வெட்ட எடுத்துவிடாமல் காவல் காப்பதுதான் பெரிய வேலை.

தம்பிக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல கருவி வாங்குகிறேன் என்று வாரக் கடன் எடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தையல் மெஷினுக்கு நுண்கடன் எடுத்து, கட்ட முடியாமல் அந்த மெஷினையே விற்ற பெண்களை எனக்குத் தெரியும். கருவி உழைத்துத் தருவது மெதுவாக. வட்டி கேட்டு வருவது கிழமைக்குக் கிழமை. கையிலிருக்கும் சீட்டுக்காசில் இன்று இரண்டு, அடுத்த வேலையின் கூலியில் ஒன்று என்று வாங்குங்கள்.

புதுப்பட்டறை (ஆரையம்பதி)

அக்கா, கடன் எடுக்கும் எண்ணம் இல்லை. எல்லோருக்கும் நன்றி. பெட்டி வேண்டாம் என்று மனம் சாய்ந்துவிட்டது. முத்திரையை நம்ப முடியாதென்றால் கடையில் நின்று எதைப் பார்த்து வாங்குவது?

பழைய இரும்பு (வாழைச்சேனை)

சட்டைப்பையில் ஒரு சிறு அரத்தையும் ஓர் இரும்பு அடிமட்டத்தையும் கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, உளியின் முனையருகே அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் நன்றாகக் கடித்துத் தூள் எடுத்தால் அது மென்மையானது. வழுக்கிக்கொண்டு போனால் கடினம் உண்டு. பின்பு உளியின் முதுகில் அடிமட்டத்தை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். முதுகு குவிந்திருந்தால் அதைக் கல்லில் தட்டையாக்கவே ஒரு கிழமை போகும். மூலைமட்டத்தைச் சோதிப்பதற்கு நேரான ஓரமுள்ள பலகையும் பென்சிலும் போதும்: ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே புள்ளியிலிருந்து மறுகோடு கீறுங்கள், இரண்டும் விலகினால் வைத்துவிட்டு வாருங்கள். அளவு நாடாவின் நுனிக்கொக்கி சற்று ஆடுவதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். வெளியே மாட்டி அளக்கும்போதும் உள்ளே முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிப்பளவு வித்தியாசம் வராமல் இருப்பதற்காகவே அது அப்படி ஆடுகிறது.

கைவாள் வாங்கும்போது பல்லின் நுனியைப் பாருங்கள். நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் அது மின்சூட்டில் கடினமாக்கிய பல். நெடுநாள் வெட்டும், ஆனால் அரம் பிடிக்காது. மழுங்கிய அன்றே அதன் ஆயுள் முடிந்தது. முக்கோண அரத்தால் தீட்டக்கூடிய வாள் விலை கூடினாலும், தகடு தேயும்வரை உங்களோடு இருக்கும். “நல்லது” என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அதைத் திரும்பத் தீட்டலாமா, அதன் பாகம் கிடைக்குமா?

சீவுளிக்குப் புதிதைத் தேட வேண்டாம் என்பேன். ஸ்டான்லி கம்பனி 1869இல் லெனார்ட் பெய்லியின் சீவுளிக் காப்புரிமைகளை வாங்கியதிலிருந்து அந்த அமைப்பு பெரிதாக மாறவேயில்லை. ஷெஃபீல்டின் ரெக்கோர்ட் கம்பனியும் 1931 முதல் அதே அமைப்பில்தான் செய்தது. அதனால் பழைய 4ஆம் இலக்கச் சீவுளிக்கு இன்றும் 2 அங்குல அலகு வாங்கிப் பூட்டலாம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட ஓடாவிமார் வீடுகளில் பரண்மேல் இவை துருவேறிக் கிடக்கின்றன. மேல்துருவுக்குப் பயப்படாதீர்கள், வார்ப்பிரும்பு உடலில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும், முக்கியமாக அலகு வெளிவரும் வாயின் இரு ஓரங்களிலும் பாருங்கள்.

வயர்மன் (அக்கரைப்பற்று)

எனது துறையில் இதற்கு விவாதமே கிடையாது. பிடியில் றப்பர் இருப்பதெல்லாம் மின்காப்பு ஆகாது. இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற அடையாளமும் உள்ள குறடு, ஒவ்வொன்றாகச் சோதித்து விடப்பட வேண்டியது. வீட்டுக்கு வருகின்ற 230 வோல்ட்டுக்கே மனிதன் செத்துப்போவான். குறடு நல்லதாக இருந்தாலும் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கல்லடி ஓடாவி

இன்னொன்றை மறந்துவிட்டோம். தம்பி இருப்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில். இங்கே உப்புக்காற்றும் மாரிக்கால ஈரமும் சேர்ந்து ஒரே இரவில் உளியின் முதுகில் செம்புள்ளி வைத்துவிடும். விலை கூடிய உருக்கு என்று துரு விலகிப் போகாது. பின்னேரம் வேலை முடிந்ததும் கைவியர்வை பட்ட இடத்தையெல்லாம் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் ஒருதரம் தடவி வைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்குவாடை பிடிக்கும். தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைப்பதும் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சாணை மெஷினில் பிடிக்கும்போது முனை நீலமாக மாறினால் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த நீலம் முழுவதும் தேயும்வரை உளி கூர்மை நிற்காது. இரண்டு தேய்ப்புக்கு ஒருதரம் தண்ணீரில் தோய்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

புதுப்பட்டறை (ஆரையம்பதி)

மூன்று கிழமைக்குப் பின் எழுதுகிறேன். 4,500 ரூபாய் வீதம் 3 உளிகள், அரம் பிடிக்கும் கைவாள் ஒன்று 6,500, இருபக்கத் தீட்டுக்கல் 4,000, மூலைமட்டம் 3,500. கடையில் முதல் எடுத்த இரண்டு மூலைமட்டங்களும் கோட்டுச் சோதனையில் தோற்றன. கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனால் மூன்றாவதை அவரே கீறிப் பார்த்துத் தந்தார். சீவுளி பழையது, ஓர் ஓடாவியாரின் மனைவியிடம் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாமாக 36,500 ரூபாய். மிச்சத்துக்கு மரம் வாங்கியதில் அப்பாவுக்கும் பாதித் திருப்தி.

துரு நீக்கி அலகையும் தீட்டிவிட்டேன். வேம்பில் சீவல் பட்டுபோல வருகிறது. முதிரையில் மட்டும் இழை திரும்பும் இடங்களில் பிய்த்துக்கொண்டு வருகிறது. சீவுளியில் பிழையா, எனது கையில் பிழையா?

கல்லடி ஓடாவி

இரண்டிலும் பிழையில்லை, பூட்டிய விதத்தில் இருக்கலாம். அலகின் மேல் திருகிப் பூட்டுகிற மடிப்புத் தகடு இருக்கிறதல்லவா, அதன் ஓரத்துக்கும் அலகின் கூர்முனைக்கும் இடைவெளி எவ்வளவு? சாதாரண மரத்துக்கு 1 மில்லிமீற்றர் சரி. முதிரைக்கு அதை 0.3 மில்லிமீற்றருக்குள், தலைமயிர் மூன்று நான்கு பக்கம் பக்கமாகக் கிடக்கும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். அப்போது சீவல் எழும்பியதும் அந்தத் தகட்டில் முட்டி மடிந்துவிடும். மரத்துக்குள்ளே பிளந்துகொண்டு முன்னால் ஓட முடியாது. தகட்டின் ஓரம் அலகோடு வெளிச்சம் தெரியாமல் பொருந்த வேண்டும், இல்லையென்றால் இடையில் சீவல் புகுந்து அடைக்கும். சீவலின் தடிப்பையும் குறையுங்கள்.

அப்படியும் பிய்த்தால் ஞாயிறு பின்னேரம் அலகையும் அந்தப் பலகைத் துண்டையும் எடுத்துக்கொண்டு கல்லடிக்கு வாருங்கள், பட்டறையில்தான் இருப்பேன்.